மழைநீர் டிரம் வைக்கும் முன், வழியும் தண்ணீருக்கு வழி பாருங்கள்

மொட்டை மாடியில் 300 சதுர அடியில் விழும் மழை ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 சதுர அடி என்றால் 28 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் அடித்துப் பெய்யும்போது அந்தக் குழாயில் நிமிடத்துக்கு 28 லிட்டர் வரும். 200 லிட்டர் டிரம் ஏழு நிமிடத்தில் நிரம்பிவிடும். மீதி 53 நிமிடத்தில் வரும் ஏறக்குறைய 1,500 லிட்டர் எங்கே போகும்?

டிரம் வாங்கும்போது பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி இது. டிரம்மில் நிற்பது கொஞ்சம், வழிவதுதான் அதிகம். அந்த வழிந்த தண்ணீர் சுவர் ஓரமாக நின்று கடைக்காலுக்குள் இறங்கினால், தண்ணீர் சேமிக்கப்போய் வீட்டுக்கு ஈரம் ஏற்றியதாகிவிடும். அதனால் முதலில் வழிந்தோடும் பாதையை முடிவு செய்யுங்கள். டிரம்மை அதற்குப் பிறகு வாங்கலாம்.

தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போதோ அதற்குப் பிறகோ போட்ட உறிஞ்சு குழி உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். மண் அடைத்துக் கிடந்தால் தூர்வாரி, ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். டிரம் வழிந்து வரும் தண்ணீருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. திறந்த கிணறு இருந்தால் ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக அதற்குள் விடலாம். போர்வெல்லுக்குள் நேரடியாக விடாதீர்கள். மாடி அழுக்கு முழுதும் நிலத்தடி நீரில் கலந்துவிடும். பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் விடுவது அதைவிட மோசம். அடைமழையில் அதே தண்ணீர் உங்கள் கழிப்பறை வழியாகவே எதிர்த்து வரும்.

எந்த டிரம்

200 லிட்டர் நீல நிற எச்.டி.பி.இ. (கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக்) டிரம் எல்லா ஊரிலும் பழைய டிரம் கடைகளில் கிடைக்கும். அதில் இரண்டு வகை உண்டு. மேலே இரண்டு சின்னத் திருகு மூடி மட்டும் உள்ள வாய் மூடிய டிரம் ஒன்று. மூடி முழுதாகக் கழன்று, இரும்புக் கிளாம்ப் ரிங் போட்டு இறுக்கும் திறந்த வாய் டிரம் இன்னொன்று. இரண்டாவதை வாங்குங்கள். உள்ளே கைவிட்டுக் குழாய் பொருத்தவும், தேய்த்துக் கழுவவும் அதில்தான் முடியும்.

பழைய டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. பழச்சாறு, சமையல் எண்ணெய், குளுக்கோஸ் பாகு வந்த டிரம் என்றால் சரி. பூச்சிமருந்து, சாயம், ஆசிட், தின்னர் வந்தது என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக் சுவரே அதை உறிஞ்சி வைத்திருக்கும். லேபிளைக் கிழித்துவிட்டு விற்றால் மூடியை இறுக்கி இரண்டு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு திறந்த உடனே முகர்ந்து பாருங்கள். மருந்து வாடையோ பெயின்ட் வாடையோ அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாடை அடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து வாங்கிவிடவும் வேண்டாம். சில மருந்துகளுக்கு வாடையே கிடையாது. என்ன இருந்தது என்று கடைக்காரரால் சொல்ல முடியவில்லை என்றால் புது டிரம்மே நல்லது.

மேடை

நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். அடிப்பரப்பு கால் சதுர மீட்டர்தான் என்பதால், கணக்குப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 800 கிலோ அழுத்தம். வீட்டு பால்கனிகளைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ சுமைக்குத்தான் வடிவமைக்கிறார்கள். அதனால் பால்கனி, சன்ஷேடு, படிக்கட்டுத் திருப்பம் எதிலும் டிரம் வேண்டாம். தரையில்தான் அதற்கு இடம்.

தரையில் நேராக வைத்தால் குழாயின் கீழ் வாளி நுழையாது. 16×8×8 அங்குல சாலிட் பிளாக் எட்டு வாங்குங்கள். நான்கு பிளாக்குகளை ஒன்றின் பக்கவாட்டில் அடுத்ததன் தலை முட்டும்படி சுற்றி அடுக்கினால், நடுவில் 8 அங்குலச் சதுர ஓட்டையோடு 2 அடிக்கு 2 அடிச் சதுரம் வரும். மேல் வரிசையை எதிர்த் திசையில் சுற்றி அடுக்குங்கள், இணைப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வராது. அதன் மேல் 2×2 அடி கடப்பா கல். உயரம் ஏறக்குறைய 44 செ.மீ. வரும், வாளி தாராளமாக நுழையும். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். உயரம் கூடக்கூட டிரம் சாயும் ஆபத்தும் கூடும்.

அடியில் இருப்பது மண் தரை என்றால் 10 செ.மீ. தோண்டி, ஜல்லி கொட்டி, கெட்டித்து, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடித்துச் சமப்படுத்திய பிறகே பிளாக் வையுங்கள். மழை பெய்துதான் டிரம் நிரம்பும்; மண் ஊறி இளகுவதும் அதே நேரத்தில்தான். பிளாக்கை நேராக மண் மேல் வைத்த டிரம்கள் நவம்பரில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது மேற்கு வெயில் படாத பக்கம் பாருங்கள். நீல பிளாஸ்டிக் வெளிச்சத்தை ஓரளவு உள்ளே விடும்; வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும். வெயில் படும் இடத்தில்தான் வைக்க முடியும் என்றால் சணல் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். பெயின்ட் அடித்தால் இந்த பிளாஸ்டிக்கில் ஒட்டாது, ஒரு வருடத்தில் உரிந்து வரும்.

குழாய் பொருத்துவது

ஒழுகும் டிரம்களில் பெரும்பாலானவை ஒழுகுவது இந்த ஒரு இடத்தில். கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள்.

தேவையானவை: முக்கால் அங்குல டேங்க் நிப்பிள் (டிரம் சுவரில் பொருத்தும் மரை போட்ட குழாய்த் துண்டு) ஒன்று, அதற்கு மென்மையான ரப்பர் வாஷர் இரண்டு, முக்கால் அங்குல டேப் (தண்ணீர் திறக்கும் குழாய்) ஒன்று, த்ரெட் டேப் (மரையில் சுற்றும் வெள்ளை நாடா) ஒரு சுருள், 28 மி.மீ. ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டத் துளை வெட்டும் ரம்பம்). முக்கால் அங்குல மரையின் வெளி விட்டம் 26 மி.மீ.க்குச் சற்று அதிகம். ஆனாலும் கையில் இருக்கும் நிப்பிளை அளந்துவிட்டு ஹோல் சா எடுப்பதே நல்லது. துளை 2 மி.மீ.க்கு மேல் பெரிதாகிவிட்டால் வாஷரால் சமாளிக்க முடியாது.

டிரம்மின் அடியிலிருந்து 8 செ.மீ. மேலே, சுற்று வரிகள் இல்லாத மட்டமான இடத்தில் குறியிடுங்கள். அடிமட்டத்திலேயே துளையிட்டால் வண்டலும் சேர்ந்து வரும். டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகித் துளையின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறை பிளேடால் சீவி, விரலால் இருபுறமும் தடவிப் பாருங்கள். விரலில் ஒரு சின்ன முடிச்சு தட்டுப்பட்டாலும் அந்த இடத்தில் வாஷர் உட்காராது, தண்ணீர் கசியும்.

நிப்பிளின் தலை உள்பக்கம் இருக்க வேண்டும். தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வாஷர், வெளியே நட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இன்னொன்று. டிரம் சுவர் வளைவானது என்பதால் கெட்டியான பிளாஸ்டிக் வாஷர் அதோடு ஒட்டி வராது; மென்மையான ரப்பர்தான் வளைந்து கொடுக்கும். கையால் முடிந்தவரை முடுக்கிவிட்டு ஸ்பானரால் அரைச் சுற்று போதும். அதற்கு மேல் முடுக்கினால் ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

த்ரெட் டேப் சுற்றுவது டேப்பை நிப்பிளில் முடுக்கும் மரைக்கு மட்டும். ஒழுகினால் மேலே பி.வி.சி. சால்வென்ட் பூசுவதும் எபாக்ஸி அப்புவதும் வீண் வேலை, எச்.டி.பி.இ. மேல் இரண்டுமே ஒட்டாது. கழற்றி வாஷரை மாற்றுங்கள்.

மாடிக் குழாயை டிரம்முக்குத் திருப்புவது

மாடியில் தண்ணீர் இறங்கும் வாயில் குமிழ் போன்ற கம்பி வலை வையுங்கள். தட்டையான வலை என்றால் ஒரு வேப்பிலைக் கொத்து விழுந்தாலே அடைத்து, மாடியில் தண்ணீர் தேங்கும்.

இறங்கு குழாய் 110 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் அதை அறுத்து, எல்போ (வளைவு இணைப்பு) போட்டு டிரம் பக்கம் திருப்புங்கள். படுக்கைக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். வழியில், கீழ்நோக்கிய வாயோடு ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு). அந்த வாயில் 160×110 ரெடியூசர் (இரண்டு அளவுக் குழாய்களை இணைப்பது) போட்டு, 160 மி.மீ. குழாயைத் தரைக்கு 20 செ.மீ. மேல் வரை இறக்கி, கீழே திருகிக் கழற்றும் எண்ட் கேப் போடுங்கள். அந்தக் கேப்பில் 2 மி.மீ. துளை ஒன்று.

முதல் மழை அழுக்கு தங்குவது இந்தக் குழாயில்தான். மாடியில் காய்ந்து கிடக்கும் தூசி, காக்கை புறா எச்சம், சருகு எல்லாவற்றையும் முதல் 1 மி.மீ. மழை அடித்துக்கொண்டு வரும். 28 சதுர மீட்டருக்கு அது 28 லிட்டர். 160 மி.மீ. குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 18 லிட்டர் பிடிக்கும், 1.3 மீட்டர் நீளத்தில் 23 லிட்டர் நிற்கும். அழுக்கின் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். 110 மி.மீ. குழாயையே இறக்கினால் மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான், போதாது. குழாய்க்குள் 12 செ.மீ. விட்டமுள்ள ஒரு ரப்பர் பந்தைப் போட்டுவிட்டால், நிரம்பியதும் அது மிதந்து வந்து ரெடியூசர் கழுத்தை அடைக்கும். பிறகு வரும் தண்ணீர் அழுக்கோடு கலக்காமல் டிரம்முக்குப் போகும். நிரம்பினால் 23 கிலோ எடை என்பதால் சுவரில் இரண்டு கிளாம்ப் அடியுங்கள்.

மழை விட்டபின் அந்த 2 மி.மீ. துளை வழியாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் குழாய் காலியாகி அடுத்த மழைக்குத் தயாராக வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் அழுக்குத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு முழுதும் நேராக டிரம்முக்குப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் மழை விட்ட மறுநாள் விரல் முட்டியால் குழாயைத் தட்டிப் பாருங்கள். 'டொங்' என்று வெற்று ஓசை கேட்டால் காலி. 'தொப்' என்று மங்கலாகக் கேட்டால் கேப்பைக் கழற்றிக் கழுவி, துளையை ஊசியால் குத்திவிடுங்கள்.

படுக்கைக் குழாயின் முடிவில் கீழ்நோக்கி ஒரு எல்போ, அதன் கீழ் டிரம் மூடியில் வெட்டிய துளை. துளையில் கொசு வலை கட்டிய கூடையோ வடிகட்டியோ இறங்கி உட்கார வேண்டும். கொசுவலைத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டலாம், ஸ்டீல் வலை இன்னும் நீடிக்கும். காற்று போய்வர இந்த வலையே போதும். காற்று வழி இல்லாமல் மூடியை இறுக்கிவிட்டால் டேப் திறந்தாலும் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும்.

வழிந்தோடும் குழாய்

டிரம் வாயிலிருந்து 8 செ.மீ. கீழே. அளவு 63 மி.மீ., அதாவது 2 அங்குலம். இங்கேதான் பலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். முக்கால் அங்குலத் துளையில், தண்ணீர் 5 செ.மீ. ஏறி நின்றாலும் நிமிடத்துக்கு 10 லிட்டர்தான் வெளியேறும். உள்ளே வருவதோ 28 லிட்டர். மீதி மூடியைத் தாண்டிச் சுவரில் வழியும். 2 அங்குலக் குழாய் 300 சதுர அடி மாடிக்கு, மணிக்கு 100 மி.மீ. பெய்தாலும் தாங்கும். ஒரே இறங்கு குழாயில் 500 சதுர அடிக்கு மேல் தண்ணீர் வருகிறது என்றால் 90 அல்லது 110 மி.மீ. போடுங்கள்.

நீங்கள் அறுத்த பழைய இறங்கு குழாயின் கீழ்ப்பாதி ஏற்கெனவே உறிஞ்சு குழிக்குப் போய்க்கொண்டிருக்கும். அதை 1.2 மீட்டர் உயரத்தில் நிற்கும்படி அளவாக வெட்டி, வழிந்தோடும் குழாயை அதன் வாயில் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. இணைப்பு வெளியே எங்காவது திறந்திருந்தால் அங்கேயும் வலை கட்டுங்கள். மூடியில் பார்த்துப் பார்த்து வலை கட்டிவிட்டு இந்த வாயைத் திறந்து விடுவதால் கொசு இந்த வழியாகவே உள்ளே போகும்.

ஒன்றுக்கு மேல் டிரம் வைப்பதானால், முதல் டிரம்மின் வழிந்தோடும் குழாயை இரண்டாவதன் மூடிக்கும், கடைசி டிரம்மிலிருந்து குழிக்கும் கொண்டுபோங்கள். இரண்டாவது மேடை ஒரு பிளாக் தாழ்வாக இருந்தால் சரிவு தானாகக் கிடைக்கும். வண்டல் முதல் டிரம்மிலேயே தங்கிவிடும். எல்லாவற்றையும் அடியில் இணைத்தால் ஒரு டிரம் ஒழுகினாலே எல்லாம் காலியாகும்.

கொசு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையில் முட்டையிடுவதில்லை. அது தேடுவது இப்படிப்பட்ட நல்ல தண்ணீரைத்தான். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். கரிய கடுகுத் தூள் போலக் கோடாகத் தெரியும். டிரம் காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். டிரம்மைக் கவிழ்த்துக் காயவைப்பது மட்டும் போதாது என்பது இதனால்தான். தேங்காய் நாரோ கெட்டியான பிரஷ்ஷோ கொண்டு உள்சுவரைச் சுற்றிலும் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

வாரம் ஒருநாள் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழு நெளிந்தால் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் காய்ந்த மண்ணில் பரவலாக ஊற்றுங்கள், புழு செத்துவிடும். பிறகு வலையில் எங்கே இடைவெளி என்று தேடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது வேண்டாம். தண்ணீர் எதற்கும் உதவாமல் போகும்.

தண்ணீரைச் செலவழியுங்கள்

நிரம்பி நிற்கும் டிரம் அடுத்த மழையில் ஒரு சொட்டும் பிடிக்காது. அபூர்வமாகக் கிடைத்தது என்று மூடிவைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. மழைக்காலத்தில் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். மழை விட்ட மூன்று நான்கு நாளில் டிரம் காலியாவது நல்லது. துணி துவைக்க, கழிப்பறைக்கு, மாடித் தோட்டத்துக்கு எடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் துணி துவைக்கும்போது வித்தியாசம் உடனே தெரியும். சோப்பு பாதி போதும், நுரை பொங்கும். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை, 300 சதுர அடியில் சேதாரம் போக 30,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். 200 லிட்டர் டிரம் அதில் எவ்வளவைப் பிடிக்கும் என்பது நீங்கள் அதை எத்தனை தடவை காலி செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டேப்பில் அழுத்தம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பூவாளி நிரப்பலாம், அருகிலுள்ள தொட்டிகளுக்கு ஓஸ் போடலாம். மாடிக்கு ஏற்ற பம்ப் வேண்டும்.

இந்தத் தண்ணீர் குடிக்க அல்ல. சமையலுக்கும் வேண்டாம். பருப்பு சீக்கிரம் வேகும் என்று பிடிக்கும் மழைத் தண்ணீர், வானத்திலிருந்து நேராகப் பாத்திரத்தில் விழுவது. மாடியைத் தொட்டு வருவது வேறு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ தார் பூசிய மாடியோ என்றால் கீரை, காய்கறிச் செடிக்கும் ஊற்ற வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் துணிக்காக வைத்திருக்க வேண்டியிருந்தால், 200 லிட்டருக்கு 1 கிராம் பிளீச்சிங் பவுடர், ஏறக்குறைய கால் டீஸ்பூன். ஒரு மக் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். டிரம் கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒன்றாக ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்ப்பவருக்கு அது உயிராபத்து.

எது கெட்டால் என்ன காரணம்

தண்ணீர் பச்சையாக இருந்தால் வெளிச்சம் உள்ளே போகிறது, சாக்கைக் கட்டுங்கள். டீ நிறத்தில் இருந்தால் இலை ஊறுகிறது. செடிக்கு ஊற்றலாம், வெள்ளைத் துணிக்கு ஆகாது. அழுகிய முட்டை வாடை அடித்தால் அடியில் வண்டல் மக்குகிறது. முழுதும் கொட்டி, தேய்த்துக் கழுவினால்தான் போகும். டேப்பில் வேகம் திடீரெனக் குறைந்தால் நிப்பிள் வாயில் சருகு. உள்பக்கம் கைவிட்டு எடுத்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். செப்டம்பர் கடைசியில் மாடியைக் கூட்டி, டிரம்மைத் தேய்த்து, வலைகளை மாற்றி, ஒரு வாளித் தண்ணீரை மாடிக் குழாயில் ஊற்றி எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். மாடியில் சோப்புத் தண்ணீர் கொட்டும் பழக்கம் இருந்தால் அப்போதே நிறுத்துங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் டிரம்மைக் காலியாக விடாதீர்கள். காலி டிரம் பத்து கிலோகூட இருக்காது. காற்று தூக்கி எறியும், தெருவில் வெள்ளம் வந்தால் மிதந்து போகும். குழாய்த் தண்ணீரையாவது நிரப்பி, மூடியின் கிளாம்பை இறுக்கி, சுவர்க் கொக்கியோடு நைலான் கயிற்றால் கட்டிவிடுங்கள். அந்தக் கிளாம்ப் வருடம் முழுதும் இறுக்கியே இருக்கட்டும், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு சிறு பூட்டும் போடுங்கள்.

ஜனவரி கடைசியில் மழை ஓய்ந்ததும் வண்டலைச் செடிகளுக்குக் கொட்டி, உள்சுவரைத் தேய்த்து, டேப்பைத் திறந்துவைத்து டிரம்மை மூடிவிடுங்கள். கோடை மழை ஏப்ரல், மே மாதங்களில் திடீரென்று வரும். நாலு மாதத் தூசி மாடியில் இருக்கும் என்பதால் அதன் முதல் தண்ணீரை டிரம்மில் பிடிக்காமல், டேப்பைத் திறந்தபடியே ஓடவிட்டு, அடுத்த மழைக்கு மூடுங்கள்.